தொண்டை நாட்டு வேட்டுவர் கருவிச் சொற்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு மொழியின் செல்வம் ஏட்டில் மட்டும் உறைவதன்று. அம்மொழி பேசும் மக்களின் தொழிலிலும் உறைகின்றது. உழவர் கலப்பையைப் பற்றியும், மீனவர் வலையைப் பற்றியும், தச்சர் உளியைப் பற்றியும் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் அகராதிகள் காணாத சொற்கள் பல வாழ்கின்றன. இவற்றுள் உழவர் சொற்களும் மீனவர் சொற்களும் ஓரளவேனும் நம் வகுப்பறைகளில் பேசப்படுகின்றன. வேட்டுவர் சொற்களோ சங்க இலக்கியப் பாடவேளையில் பொருள் சொல்லப்பட்டு, அத்துடன் மறக்கப்பட்டுவிடுகின்றன. அச்சொற்களுக்கு உரிய மக்கள் இன்றும் நம் அருகிலேயே வாழ்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பூந்தமல்லியும் ஆவடியும் அம்பத்தூரும் இன்று தொழிற்சாலைகளாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் அறியப்படும் ஊர்கள். பழைய தொண்டை மண்டலத்தின் ஒரு கூறாக இவை விளங்கிய காலத்தில் ஏரிகளும் கரம்பு நிலங்களும் புதர்க்காடுகளும் இப்பகுதியில் மலிந்திருந்தன. செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் அந்நிலத்தோற்றத்தின் எச்சங்களாக இன்றும் நிற்கின்றன. காட்டை அண்டி வாழ்ந்த இருளர்களும் நரிக்குறவர்களும் இவ்வட்டாரத்து மக்களுள் அடங்குவர். இவர்களுடைய வேட்டைக் கருவிகளையும் அவை பற்றிய சொற்களையும் இலக்கியத்தோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழூஉக்குறியும் கருவிப் பேச்சும்

ஒரு தொழிலைச் செய்வோர் தமக்குள் மட்டும் வழங்கும் சொற்களை நன்னூலார் ‘குழூஉக்குறி’ என வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவ்வெடுத்துக்காட்டுகளைப் படிக்கும் மாணவர், பிறர் அறியாமல் மறைத்துப் பேசுவதே குழூஉக்குறியின் பயன் என்று கருதிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. மறைப்பதற்காகத் தோன்றிய சொற்கள் சில. நுட்பமாக உணர்த்துவதற்காகத் தோன்றிய சொற்களோ பல. வேட்டுவரின் கருவிச் சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இன்றைய இளைஞரின் பழக்கம் ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். விடுமுறை நாள்களில் நாகலாபுரம் மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடைப்பயணம் செல்லும் மாணவர்கள் தம் முதுகுப்பை, கூடாரம், உறக்கப்பை, காலணி ஆகியவற்றைப் பற்றி ஆர்வத்துடன் உரையாடுகின்றனர். பை எத்தனை லிட்டர் கொள்ளும், துணி எத்தனை டெனியர் நூலால் நெய்யப்பட்டது, விளக்கு எத்தனை லூமன் ஒளி தரும் என்பனவே அவ்வுரையாடலின் உள்ளடக்கம். இவை யாவும் செய்தவர் குறித்துத் தந்த அளவுகள். வேட்டுவரின் பேச்சு இவ்வாறன்று. அவர்தம் கருவி அவரே செய்தது. அதன் பெயரும் அமைப்பும் எவ்விலங்கு எவ்வழியே வரும், எதற்கு அஞ்சும், எதற்கு மயங்கும் என்னும் அறிவிலிருந்து பிறந்தவை. முன்னது கருவியின் அளவைச் சொல்லும் பேச்சு. பின்னது உயிரின் இயல்பைச் சொல்லும் பேச்சு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு இலக்கியச் சான்றுகளை நோக்குவோம்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர்

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கச்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழியிடை ஊர்களையும் மக்களையும் அறிமுகப்படுத்துகின்றது. அவர்களுள் எயினர் என்னும் வேட்டுவரும் உளர். அவர்தம் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டது. அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகைப் போலத் தோன்றுகின்றது. வீட்டைப் பாட வந்த புலவர் விலங்கையே உவமையாக்கியது அம்மக்களின் வாழ்வுக்கு முற்றும் பொருந்துகின்றது.

எயினர் மேற்கொள்ளும் வேட்டை இருவகைப்படும். முதலாவது, நள்ளிரவில் நீருண்ண வரும் பன்றியை நீர்நிலையின் அருகே தோண்டிய குழியில் ஒடுங்கியிருந்து எதிர்பார்க்கும் வேட்டை. அது வாய்க்காதபோது மேற்கொள்வது பகற்பொழுதில் முயல் பிடிக்கும் வேட்டை. இதில் வேலி போல வலைகளை ஒன்றோடொன்று தொடுத்துக் கட்டி, நாய்களைக் கொண்டு புதரைக் கலைத்து முயலை வளைக்கின்றனர். இவ்வலைக்குத் ‘தொடர்வலை’ என்று பெயர். ஒரு வலை போதாது. முயல் வளைந்து வளைந்து ஓடும் இயல்புடையது. ஆகவே தொடராக வலை வேண்டும். முயலின் ஓட்டம் வலையின் பெயருக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் காண்கின்றோம்.

எயினர் மனையின் முன்றிலில் நிற்கும் விளாமரத்தில் ‘பார்வை’ கட்டப்பட்டிருக்கின்றது. இங்குப் பார்வை என்பது கண்ணின் தொழிலைக் குறிப்பதன்று. காட்டு மானை ஈர்ப்பதற்கென்று பழக்கி வைத்த மானுக்குப் பார்வை என்று பெயர். தன் இனத்தைக் கண்டால் அச்சம் நீங்கி நெருங்கும் மானின் இயல்பை அறிந்தவரே இக்கருவியை அமைத்திருக்க முடியும். உயிருள்ள ஒன்றையே கருவியாக்கி, அதற்குப் ‘பார்வை’ என்னும் ஒரு சொல்லால் பெயரும் இட்ட நுட்பம் வியத்தற்குரியது.

எயினப் பெண்டிரோ இரும்புப்பூண் செறிந்த, உளி போன்ற வாயையுடைய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, மண்ணுள் அடங்கிய புல்லரிசியைத் திரட்டுகின்றனர். இக்கோலை நாம் மறக்கலாகாது. இதன் வழித்தோன்றலைப் பின்னர்ச் சந்திக்க இருக்கின்றோம்.

அடார், பொறி, கண்ணி

மலைநிலத்தார் அமைத்த பொறிகளுள் ‘அடார்’ குறிப்பிடத்தக்கது. பெரிய கற்பலகையைச் சாய்த்து நிறுத்தி, அதன்கீழ் இரை வைத்து, விலங்கு தீண்டியதும் கல் விழுமாறு அமைப்பது அடார். தினையை உண்ண வரும் பன்றிக்காகப் புனத்தவன் அமைத்த அடாரில் புலி வந்து அகப்பட்டதை நற்றிணைப் பாடல் ஒன்று கூறுகின்றது. அப்பாடலில் கல்லின் பெருமையும் பொறியின் சிறுமையும் அருகருகே சொல்லப்படுகின்றன. சிறியதொரு முடுக்கு பெரியதொரு கல்லை இயக்கும் என்னும் கருவியறிவு அதில் வெளிப்படுகின்றது.

‘பொறி’ என்னும் அச்சொல் வீட்டின் எலிப்பொறியில் இன்றும் வாழ்கின்றது. அதே சொல் ‘பொறியியல்’ என்றும் ‘பொறியாளர்’ என்றும் விரிந்து, இவ்வட்டாரத்தில் நிறைந்துள்ள பொறியியற் கல்லூரிகளின் பெயர்ப்பலகைகளில் விளங்குகின்றது. வேட்டுவர் கருவிக்கும் தொழிற்கல்விக்கும் ஒரே சொல் பொதுவாய் அமைந்ததை மாணவர்கள் எண்ணி மகிழலாம்.

‘கண்ணி’ என்பது பறவையையும் சிறுவிலங்கையும் பிடிக்கும் சுருக்குக் கயிறு. தலையில் சூடும் மாலைக்கும் கண்ணி என்று பெயர். ஈரடியால் தொடுத்த பாவகைக்கும் அதுவே பெயர். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பராபரக்கண்ணியை ஓதி உருகுவோர் இச்சொல்லை நன்கறிவர். பூவைத் தொடுத்தாலும் சொல்லைத் தொடுத்தாலும் கயிற்றை முடிந்தாலும் கண்ணியே ஆகின்றது.

வள்ளுவப் பெருந்தகையும் வேட்டுவனை மறக்கவில்லை. தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோனைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவனுக்கு ஒப்பிடுகின்றார். அங்கே பறவையை அகப்படுத்துதலுக்கு அவர் ஆளும் சொல் ‘சிமிழ்த்தல்’ என்பதாம். இன்று இச்சொல் குறளின் உரையில் மட்டும் உயிர் வாழ்கின்றது. தொழில் மறைந்தால் சொல் மறையும் என்பதற்கு இஃதொரு சான்று.

பிற்காலத்தே வெடிமருந்துக் கருவி வந்தபோது அதனுடன் புதிய சொற்களும் வந்தன. ‘துப்பாக்கி’ என்பது துருக்கிய மொழியில் தோன்றிய சொல். ‘தோட்டா’ உருது வழியாக வந்தது. ‘ஷிகார்’ என்னும் பாரசீகச் சொல் வேட்டையைக் குறித்து ‘ஷிகாரி’ என வேட்டைக்காரரைக் குறிக்கவும் வழங்கிற்று. ஆயினும் குழலின் வாய்வழியே மருந்தை இட்டு இடித்து இறுக்கும் தொழிலைத் தமிழர் ‘கெட்டித்தல்’ என்றே வழங்கினர். கருவியின் பெயர் வெளியிலிருந்து வந்தாலும் அதனைக் கையாளும் வினை தமிழாகவே அமைந்தது.

வேட்டையின் வரம்பு

கருவியைப் பற்றிய அறிவு எங்கே அதனைப் பயன்படுத்தலாகாது என்னும் அறிவையும் உள்ளடக்கியது. இதற்குச் சான்று தருபவர் பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய அவர் பெரியபுராணத்தில் திண்ணனாரின் முதல் வேட்டையை விரிவாகப் பாடுகின்றார். வலை கட்டுதலும், நாய்களை ஏவுதலும், விலங்குகளை வளைத்தலும் அங்கே உயிரோவியமாக நிற்கின்றன. அவற்றினிடையே வேடரின் அறத்தையும் அவர் கூறத் தவறவில்லை. யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. விலங்குகளின் சிறு குட்டிகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்துவதில்லை. கொல்லும் தொழிலுக்குள்ளேயே கொல்லாமையின் எல்லையும் வகுக்கப்பட்டிருந்தது.

இவ்வெல்லையை இன்னும் உயர்ந்த நிலையில் காட்டுவது உமறுப் புலவரின் சீறாப்புராணம். அதன் மானுக்குப் பிணைநின்ற படலத்தில், வேடனிடம் அகப்பட்டுக் கட்டுண்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்காகத் தாமே பிணையாக நிற்கின்றார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகின்றது. வேடனின் உள்ளமும் மாறுகின்றது. ஹஜ்ஜுக்குரிய இஹ்ராம் நிலையில் உள்ளவர்க்கு நிலத்து வேட்டை விலக்கப்பட்டிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வேட்டை உண்டு, அதற்கு வரம்பும் உண்டு என்னும் கருத்தில் குன்றத்தூர்ப் புலவரும் உமறுப் புலவரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் நாட்டில் இவ்வரம்பைச் சட்டம் முழுமையாக்கியது 1972ஆம் ஆண்டில். அவ்வாண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வழியைத் தொடங்கியது. முயலும் கவுதாரியும்கூட இன்று அச்சட்டத்தின் காப்பில் உள்ளன. காடும் ஏரியும் சுருங்கிவிட்ட காலத்தில் இத்தடை இன்றியமையாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வேட்டையை நிறுத்திய சமுதாயம், அதனை நம்பி வாழ்ந்தவர்க்கு மாற்று வழியையும், அவர்தம் அறிவுக்கு ஒரு புகலிடத்தையும் தந்ததா என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு இருளர் வாழ்வு ஒரு விடையையும், நரிக்குறவர் வாழ்வு மற்றொரு விடையையும் தருகின்றன.

இருளர்: நோக்கம் மாறிய கருவி

செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பரவி வாழும் இருளர்கள் எலி பிடிப்பதிலும் பாம்பு பிடிப்பதிலும் ஈடற்றவர்கள். அவர்தம் முதன்மைக் கருவி கடப்பாரை. வயல் வரப்பில் வளையின் வாயைக் கண்டு, மண்ணின் தன்மையையும் கால்தடத்தையும் நோக்கி, உள்ளே உயிர் உண்டா இல்லையா என்று தெளிந்த பின்னரே அவர்கள் தோண்டத் தொடங்குகின்றனர். எலி வளையில் சேர்த்துவைத்த நெல்லையும் அவர்கள் எடுத்து உணவாக்கியதுண்டு. எயினப் பெண்டிர் உளிவாய்க் கோலால் மண்ணைக் கிளறிப் புல்லரிசி எடுத்த காட்சி நம் நினைவுக்கு வருகின்றதன்றோ? சங்க காலத்துக் கோல் இன்று கடப்பாரையாக நம் வயல்வெளிகளில் உலவுகின்றது.

எலியை வெளிப்படுத்த அவர்கள் கையாண்ட மற்றொரு கருவி மண்பானை. அடியில் சிறு துளையிட்ட பானையில் வைக்கோலை இட்டுத் தீமூட்டி, பானையின் வாயை வளையோடு பொருத்தி, துளையின் வழியே வாயால் ஊதிப் புகையை உட்செலுத்துவர். இதனால் கையும் உதடும் சுடுவதும், நெஞ்சு புகையால் நோவதும் உண்டு. இக்குறையைப் போக்கக் கையால் சுழற்றி இயக்கும் எஃகுக் கருவியொன்று உருவாக்கப்பட்டது. அம்முயற்சி 2003ஆம் ஆண்டில் உலக வங்கியின் போட்டி ஒன்றில் பரிசும் பெற்றது. கருவியை மாற்ற முனைந்தோர் இருளரின் முறையை மாற்றவில்லை. வளைக்குள் புகை செலுத்தும் அறிவு அவர்களுடையதாகவே இருந்தது.

பாம்புத் தோல் வாணிகம் நடந்த காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். சட்டம் அவ்வாணிகத்தை நிறுத்தியபோது அவர்தம் வாழ்வு தளர்ந்தது. அந்நிலையில் 1978ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் செல்லும் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்கி வருகின்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினையும் பிடித்து, மண்பானையில் வைத்துக் காத்து, நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப் பயன்படுகின்றது.

இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. கருவிகள் அவையே: கடப்பாரை, துணிப்பை, பானை. கைகளும் அவையே, அறிவும் அதுவே. நோக்கம் மட்டுமே மாறிற்று. தோலுக்காகக் கொன்ற தொழில், மனித உயிரைக் காக்கும் தொழிலாயிற்று. இவ்வறிவின் பெருமை கடல் கடந்தும் சென்றது. 2017ஆம் ஆண்டில் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிக் கேடு விளைத்த மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. தொழில் தொடர்ந்ததால் அறிவு தொடர்ந்தது. அறிவு தொடர்ந்ததால் சொல்லும் தொடர்கின்றது.

நரிக்குறவர்: அருகி வரும் சொல்

நரிக்குறவர் நிலை இதனின் வேறுபட்டது. தம்மை ‘வாக்ரி’ என்று அழைத்துக்கொள்ளும் இவர்கள் பேசுவது வாக்ரிபோலி. இது குஜராத்தி முதலிய வடமொழிக் குடும்ப மொழிகளோடு உறவுடையது. தனக்கென எழுத்து இல்லாதது. தமிழும் தெலுங்கும் அதில் கலந்துள்ளன. கண்ணியாலும் வலையாலும் கவுதாரி, காடை பிடிப்பதும், நரியின் ஊளையைத் தாமே எழுப்பி நரியை அருகே வரவழைப்பதும், நாட்டுத் துப்பாக்கியைக் கையாள்வதும் இவர்தம் முன்னோரின் திறன்கள். ஊளையிடும் குரலையும் ஒரு கருவியெனவே கொள்ளல் வேண்டும். எயினரின் பார்வை மான் கண்ணை மயக்கியது. நரிக்குறவரின் குரல் செவியை மயக்கியது.

வேட்டை நின்றபின் இவர்கள் மணிமாலையும் ஊசியும் பாசியும் விற்று வாழ்கின்றனர். இருளருக்கு வாய்த்தது போன்ற, பழைய அறிவையே முதலாகக் கொண்ட மாற்றுத்தொழில் இவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆவடிப் பகுதியில் இவர்தம் குடியிருப்பு உள்ளது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் அங்கு நேரில் சென்று மக்களைச் சந்தித்தார். அதே ஆண்டு டிசம்பர் திங்களில் நாடாளுமன்றம் இவர்களைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது மகிழ்ச்சிக்குரியது. இவர்தம் பிள்ளைகள் கல்வியிலும் வேலையிலும் முன்னேறுவதே முதற்கடமை. அவர்கள் மீண்டும் கண்ணி ஏந்த வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார். ஆனால் கண்ணி முடிந்த கைகளின் அறிவு எழுதப்படாமலே மறையுமானால், அவ்விழப்பை ஈடுசெய்ய எந்தச் சட்டத்தாலும் இயலாது.

மாணவர் ஆற்றத்தக்க பணி

தமிழ்த்துறை மாணவர்கள் இவ்வகையில் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. அவ்விரு சமூகத்து முதியோரை அணுகி, அவர்தம் இசைவு பெற்று, கருவிச் சொற்களைத் தொகுக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆறு செய்திகளைக் குறித்தல் வேண்டும். கருவியின் பெயர் யாது? எப்பொருளால் செய்யப்படுவது? அதன் உறுப்புகளின் பெயர்கள் யாவை? அதனை ஆக்கும் தொழிலுக்கும் இயக்கும் தொழிலுக்கும் வழங்கும் வினைச்சொற்கள் யாவை? எவ்வுயிரின் எவ்வியல்பை அது கருதியது? எப்பொழுது அதனைப் பயன்படுத்தலாகாது? இறுதி வினாவை விடுதல் கூடாது. வேட்டுவர் அறம் அதற்குரிய விடையில்தான் வெளிப்படும். படம் வரைந்து இணைத்தல் பெரிதும் பயன்தரும். வாக்ரிபோலிச் சொற்களைத் தமிழெழுத்தில் குறிக்கும்போது நம் எழுத்தில் அடங்காத ஒலிகளுக்கு ஒலிப்பதிவும் வேண்டப்படும்.

இப்பணியில் நாம் கைக்கொள்ள வேண்டிய நெறியும் உண்டு. அவர்களை வேடிக்கைப் பொருளாக நோக்குதல் தகாது. வயதில் மூத்தவரை ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைத்து, ஆசிரியர் முன் அமர்வது போல அமர்ந்து கேட்டல் வேண்டும். அவர்கள் நமக்களிக்கும் நேரம் அவர்தம் நாட்கூலியிலிருந்து கழிவது. அதற்கு ஈடு செய்தல் கடன். சட்டச் சிக்கலை வருவிக்கும் செய்தி எதனையும் துருவிக் கேட்டலும், அவர்தம் பெயரோடு வெளியிடுதலும் கூடா. தொகுத்த சொற்களின் படி ஒன்றை அக்குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அளித்தல் நன்று. தம் பாட்டனாரின் சொல்லை அச்சில் காணும் பிள்ளை தன் குலத்தை எண்ணி நாணாது, நிமிர்ந்து நிற்கும்.

முடிவுரை

வேட்டுவர் கருவிச் சொற்கள் மறைமொழி அல்ல. உயிர்களின் இயல்பையும் நிலத்தின் இயல்பையும் பலகாலம் கூர்ந்து நோக்கிய மக்கள் விட்டுச்சென்ற அறிவுக் கருவூலம். தொடர்வலையும் பார்வையும் அடாரும் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம், அன்றைய புலவர்கள் எயினர் முன்றிலில் நின்று பார்த்ததும் கேட்டதும் பாடியதுமே ஆகும். கேளாது விட்டிருந்தால் அச்சொற்களும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். வேட்டை ஓய்ந்தது நன்றே. வேட்டுவரின் அறிவு ஓய்தல் நன்றன்று. இருளரின் கடப்பாரை மனித உயிரைக் காக்கும் கருவியாய் மாறியதைப் போல, நரிக்குறவரின் சொல்லும் நம் மொழியறிவை வளர்க்கும் கருவியாய் மாறுதல் கூடும். அதற்குரிய எழுதுகோல் மாணவர் கையில் உள்ளது. அச்சொற்களை அறிந்த முதியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்குக.